பாறை குடித்த சேறு

சேறு சாருக்கும் டிரில்லருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சமையல்காரருக்குக்கூடத் தெரியும், அதனால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவருக்கு ஜன்னலோரமும் இன்னொருவருக்குக் கைகழுவும் இடத்தோரமும் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஜன்னலோரம் டிரில்லருக்கு. அதிலும் சேறு சாருக்கு ஒரு மனக்குறை இருந்தது.

சேறு சார் என்றால் மட் இன்ஜினியர். எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது குழாய் வழியாக ஒரு கெட்டியான கலவையை அடிவரைக்கும் தள்ளுவார்கள். அது பாறைத் தூளை அள்ளிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே வரும். கீழே அடைந்து கிடக்கிற வாயுவும் எண்ணெயும் திமிறிக்கொண்டு வராமல் தன் கனத்தாலேயே அமுக்கி வைத்திருக்கும். ஊரெல்லாம் அதற்கு மட் என்று பெயர். பார்த்தால் சேறுதான். அதைக் கனம் பார்த்து, பதம் பார்த்துக் கலக்கிக் கொடுப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தவன் இவன். மேடையில் நின்று துளை போடுகிறவர் டிரில்லர். அவர் இவனுடைய சொந்த அக்காவைக் கட்டியவர்.

சண்டைக்குக் காரணம் அக்கா வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் தொட்டி. ஒரு விடுமுறையில் அது அடைத்துக்கொண்டது. பூமிக்குள் எத்தனையோ ஆழம் போய்ப் பார்த்த இரண்டு பேர் வீட்டில் இருக்கும்போது ஆளைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். டிரில்லர் கம்பியை விட்டுக் குத்தினால் போதும் என்றார். இவன் கலவை ஒன்று ஊற்றினால் கரைந்துவிடும் என்றான். ஒருவர் குத்த, ஒருவன் ஊற்ற, கடைசியில் குழாய் விண்டு சமையலறை முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு டிரில்லர், "சேறு கலக்கறதுக்கு ஒரு காலேஜாம்" என்றார். இவன் சும்மா இருந்திருக்கலாம். "குழாய் திருகறதுக்கு ஒரு மீசையாம்" என்றான். மீசையைத் தொட்டதுதான் தப்பு. அக்கா மறுநாள் பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் கையை விட்டு ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கம்பெனி என்ன கண்டது? இரண்டு பேரையும் ஒரே ரிக்குக்கு அனுப்பி வைத்தது.

பேசாமல் எப்படி வேலை பார்ப்பது? அதற்குத்தான் ஹெல்மெட் இருந்தார். பாதுகாப்பு அதிகாரி. யார் தலையில் ஹெல்மெட் இல்லை என்று பார்ப்பது அவர் வேலை, ஆகையால் அதுவே அவர் பெயர். நல்ல மனுஷன், யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். மேடைக்கும் சேறு கலக்கும் கொட்டகைக்கும் நடுவே அவர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். மேலே டிரில்லர், "அந்த அதிமேதாவிகிட்ட சேறு கனம் பத்தலைன்னு சொல்லு" என்பார். கீழே வந்து ஹெல்மெட், "சார், டிரில்லர் உங்களை ரொம்ப விசாரிச்சார். சேறு கொஞ்சம் கனமா இருந்தா சந்தோஷப்படுவாராம்" என்பார்.

"அவர் சந்தோஷப்படறதுக்கா நான் வேலைக்கு வந்தேன்னு கேளுங்க."

மேலே போய் ஹெல்மெட், "சார் யோசிக்கறேன்னார்" என்று சொல்லிவிடுவார்.

இப்படியாகக் கிணறு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விரிசல் பாறை வரும் வரைக்கும்.

அந்தப் பாறைக்குள் நுழைந்த நாளிலிருந்து கிணறு ஒரு தினுசாக நடந்துகொண்டது. பம்ப் ஓடும்போது சேறு குறைந்தது. உள்ளே போவது முழுசாக வெளியே வரவில்லை. சேறு கலக்கி வைத்திருக்கும் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. சேறு சார் இருப்பது தொட்டிப் பக்கம், அவன் கண்ணில் பட்டது இதுதான். பாறை விரிசல் விட்டிருக்கிறது, கனம் தாங்காமல் வாய் திறந்து குடிக்கிறது என்று அவன் சேற்றை இளக்கினான்.

டிரில்லர் கண்ணில் பட்டது வேறு. குழாயோடு அடுத்த குழாயை மாட்ட வேண்டும் என்றால் பம்பை நிறுத்த வேண்டும். பம்ப் நின்றால் கிணற்றிலிருந்து சேறு வெளியே வருவதும் நின்றாக வேண்டும். இங்கே நிற்கவில்லை. தன்பாட்டுக்கு மேலே வந்துகொண்டே இருந்தது. கீழே ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம், வாயு வருகிறது என்று அர்த்தம். அவர் பாட்டுக்குக் கிணற்று வாயை மூடினார், அடைபட்ட சேற்றைப் பக்கக் குழாய் வழியாகச் சிறுகச் சிறுகத் தொட்டிக்கு விட்டார், சேற்றைக் கனமாக்கச் சொல்லி ஹெல்மெட்டை அனுப்பினார்.

மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். தன் அறைக்குக் கடைசியாக வந்தவர் சொல்வதுதான் சரி என்பது அவருடைய நிர்வாக முறை. காலையில் இவன் போய்ச் சொன்னால் இளக்கலாம் என்பார். டிரில்லர் போய்ச் சொன்னால் கனமாக்கலாம் என்பார். டிரில்லர் குரல் பெரியது, ஆகையால் மொத்தத்தில் கனம் ஏறிக்கொண்டே போனது. கனம் ஏற ஏறப் பாறை இன்னும் குடித்தது. பம்பை நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. டிரில்லர் இன்னும் கனமாக்கச் சொன்னார். ஏட்டிக்குப் போட்டி என்றால் இதுதான். நடுவில் பாறை என்ன செய்யும், பாவம்.

இது போதாதென்று டிரில்லர் சேறு சாரை ஏவ ஆரம்பித்தார். பம்ப் நிற்கப் போகிறது என்றால் போதும், ஹெல்மெட் மூச்சு வாங்க வந்துவிடுவார். "சார், கடைசித் தொட்டியிலேர்ந்து சாம்பிள் எடுக்கணுமாம்." எடுப்பான். அடுத்த தடவை, "வேலிக்கு அந்தப் பக்கம் கிடங்குல மூட்டை எத்தனை இருக்குன்னு பார்க்கணுமாம்." மூட்டை எண்ணுவதற்குக் கிடங்கில் ஒரு ஆள் இருக்கிறான். காலேஜில் படித்தவனை மூட்டை எண்ண விட்டு வேடிக்கை பார்க்கிறார் மனுஷன் என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாமல் இருக்கவும் முடியாது. மேடையிலிருந்து வருகிற உத்தரவு.

இதற்கிடையில் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா, அவர் சரியா சாப்பிடறாரா?"

"அவர்கிட்டயே கேளு."

"கேட்டேன். கிணறு சரியில்லன்னு மட்டும் சொன்னார். ஏதாவது ஆபத்தாடா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க. இதுல மட்டும் நல்ல ஒத்துமை." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை சேற்றுத் தொட்டி ஒன்றைக் கழுவுவதற்காகக் காலி செய்திருந்தார்கள். சேறு சார் எட்டிப் பார்த்தான். உள்சுவரில் சேறு காய்ந்து கோடு கோடாகப் படிந்திருந்தது. கீழ்க் கோடுகள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கியிருந்தன, மேலே மட்டும் தடிமனாக ஒரே கோடு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு ஏறி, அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறது. உள்ளேயிருந்து வாயு தள்ளியிருந்தால் மேல் கோட்டைத் தாண்டிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? தாண்டவில்லை. குடித்ததைத்தான் திருப்பித் தந்திருக்கிறது.

பம்ப் தள்ளும்போது விரிசல் வாய் திறந்து சேற்றை வாங்கிக்கொள்கிறது. பம்ப் நின்றதும் வாய் மூடி, வாங்கினதைத் துப்புகிறது. கிணறு மூச்சு விடுகிறது, வேறொன்றும் இல்லை. இவன் பார்த்தது உள்மூச்சு. டிரில்லர் பார்த்தது வெளிமூச்சு. இரண்டு பேரும் ஒரு வாய் பேசியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சந்தோஷப்பட நேரம் இல்லை. சேறு இப்போது ஏகக் கனம். இன்னும் கொஞ்சம் கனமாக்கினால் பாறை ஒரேயடியாகப் பிளந்துவிடும், கிணற்றில் இருக்கிற சேறு மொத்தமும் உள்ளே போய்விடும். அப்புறம் அமுக்கி வைக்க ஒன்றும் இருக்காது. மேல் அடுக்குகளில் இருக்கிற வாயு, நிஜமான வாயு, நேராக மேடைக்கு வரும். அங்கே நிற்பது அத்தான்.

ஊர்ஜிதம் செய்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்று வாயை மூடாமல் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். பாறை துப்புகிற சேறு என்றால் வரவரக் குறைந்து நின்றுவிடும். வாயு தள்ளுகிற சேறு என்றால் வரவர ஏறும். ஏறிய பிறகு மூடுவதற்கு அதிக நேரம் இருக்காது. இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் காத்திருந்து பார்க்கவில்லை, ஏனென்றால் டிரில்லர் எடுத்த எடுப்பில் மூடிவிடுவார். அது அவர் உரிமை. யாரையும் கேட்காமல் மூடலாம். அவர் மனசு வைத்தால்தான் திறந்து வைக்க முடியும்.

மேனேஜரிடம் ஓடினான். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிரில்லர் சரின்னா எனக்கும் சரி" என்றார்.

ஹெல்மெட்டைப் பிடித்தான். "ஏறினா வாயு, தேய்ஞ்சா பாறை. இதை மட்டும் இப்படியே சொல்லுங்க. தேன் தடவாதீங்க."

ஹெல்மெட் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "சொன்னேன் சார். கேட்டுக்கிட்டார்."

"திறந்து வைக்கச் சொல்லுங்க."

ஹெல்மெட் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைக் கழற்றி அங்கே யாரும் பார்த்ததில்லை. "அதை நான் சொல்ல மாட்டேன் சார். வீட்டு உப்பு புளி சமாச்சாரம்னா நூறு தடவை ஏறி இறங்குவேன். இது உயிர். உங்க வாயால சொல்லுங்க."

சேறு சார் மேடைப் படிகளில் ஏறினான். ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் தள்ளியது. மேலே டிரில்லர் கிணற்று வாயை மூடுகிற நெம்புகோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே சேறு வழியும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அத்தான்" என்றான்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்று!

டிரில்லர் அப்போதும் திரும்பவில்லை. "ஹெல்மெட் எங்க?"

"ராஜினாமா பண்ணிட்டார்."

"சொல்லு."

சொன்னான். தொட்டிக் கோட்டைச் சொன்னான், விரிசலைச் சொன்னான், ஏறும் கனத்தைச் சொன்னான். டிரில்லர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரி. பார்த்துடலாம். மேடையில யாரும் இருக்கக் கூடாது. நீ கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணு" என்றார்.

அவ்வளவுதான், இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இப்பவுமா மூட்டை? யோசனை என்னுது, நான் இங்கதான் இருப்பேன். என்னை ஏன் சும்மா சும்மா எடுபிடி மாதிரி விரட்டறீங்க? உங்களுக்கு நான் அவ்வளவு இளக்காரமாப் போயிட்டேனா?"

டிரில்லர் இப்போது திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அறிவிருக்காடா உனக்கு? ஒவ்வொரு தடவையும் பம்ப் நின்னப்ப வாயுதான்னு நெனச்சு நின்னேன். ஒவ்வொரு தடவையும்! நீ வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கணும்னுதான் அனுப்பினேன். இங்க ஏதாவது ஆகித் தொலைஞ்சா, உன்னையும் சேர்த்துப் பறிகொடுத்துட்டு உங்க அக்கா என்னடா பண்ணுவா?"

சேறு சாருக்கு மூட்டை, சாம்பிள், கடைசித் தொட்டி, எல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்றன. ஒவ்வொரு தடவையும் அவன் கிடங்கு வாசலில் நின்று இவரைத் திட்டியிருக்கிறான். வாய்விட்டே திட்டியிருக்கிறான். வெட்கமாக இருந்தது.

"நான் போகலை அத்தான்" என்றான்.

"எக்கேடும் கெட்டுப் போ. அந்தப் பக்கமா நில்லு, வாய்க்கால் நல்லாத் தெரியும்."

மற்ற எல்லாரையும் ஹெல்மெட் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே போனார். எல்லார் தலையையும் ஒரு தடவை சரி பார்த்துக்கொண்டார். மேனேஜர் தன் அறையிலிருந்து எல்லாரையும்விடத் தூரமான இடத்துக்குப் போனார்.

பம்ப் நின்றது. இரைச்சல் அடங்கியதும் காது கொய்யென்றது. சேறு வந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் கையகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் வழிந்து சல்லடையில் விழுந்தது. டிரில்லர் நெம்புகோலில் கையை வைத்துக்கொண்டார்.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் குறைந்துவிடும் என்பது சேறு சாருடைய கணக்கு. டீ குடிக்கிற நேரம் ஆனது. குறையவில்லை. இன்னொரு டீ குடிக்கிற நேரமும் ஆனது. அதே கையகலம். பேசாமல் நின்றுகொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"அன்னிக்கு மீசையப் பத்திச் சொன்னது தப்புதான்" என்றான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே.

"இதுவா அதுக்கு நேரம்?"

"அப்புறம் நேரம் கிடைக்குமோ என்னவோ."

டிரில்லர் வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்பூனை உள்ளே போட்டதே நான்தான்" என்றார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

கையகலம் அப்படியே இருந்தது. சேறு சாருக்குச் சந்தேகம் தட்டியது. கணக்கு தப்பாகிவிட்டதா? கோடு காய்ந்ததை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிட்டோமா? ஒரு தொட்டியைத்தானே பார்த்தோம், மற்றதையெல்லாம் பார்த்தோமா? இந்த மனுஷனை இங்கே நிற்க வைத்தது நாம்தானே?

"அத்தான், மூடிடுங்க."

"ஏன்?"

"குறையலை."

"ஏறுதா?"

உற்றுப் பார்த்தான். "இல்ல."

"ஏறாதப்ப எதுக்கு மூடணும்? ஏறினா வாயு, தேய்ஞ்சா பாறைன்னு நீதான சொல்லி அனுப்பின."

"நான் சொன்னது தப்பா இருந்தா? எனக்கு நிச்சயமா இல்ல அத்தான். மூடிடுங்க, தயவு செஞ்சு மூடிடுங்க."

"உனக்குக் காலைல நிச்சயமா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"காலைல உனக்குப் பயம் இல்ல, புத்தி வேலை செஞ்சுது. இப்போ பயம் வந்துடுச்சு. நான் காலைல பேசினவன் பேச்சைத்தான் கேப்பேன்."

"தப்பாப் போச்சுன்னா அக்கா நம்ம ரெண்டு பேரையும்..."

"திட்டு வாங்க நாம இருக்க மாட்டோம். அதுல ஒரு சௌகரியம்."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். சேறு சார் அவரைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கனத்தை ஏற்றி ஏற்றி அந்த விரிசல்களில் எவ்வளவு சேற்றைத் திணித்து வைத்திருக்கிறார்கள்! பழைய கணக்கு பழைய கனத்துக்கு. திணித்தது அதிகம் என்றால் துப்புவதற்கும் நேரம் அதிகம்தானே ஆகும்?

சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாய்க்காலின் ஓரத்தில் ஈரமான விளிம்பு ஒன்று தெரிந்தது. சேறு ஒரு விரல்கடை உள்வாங்கியிருந்தது.

"அத்தான்."

"பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

கையகலம் நாலு விரல் ஆனது. நாலு விரல் இரண்டு விரல் ஆனது. அப்புறம் கயிறு மாதிரி மெலிந்தது. அப்புறம் சொட்டியது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. கடைசியாக ஒன்று விழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெல்மெட், "என்ன சார் ஆச்சு?" என்று கத்தினார். சேறு சார் கையைத் தூக்கி ஆட்டினான். அங்கே கூச்சல் கிளம்பியது, யாரோ விசில் அடித்தார்கள். இவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா இளக்கணும் அத்தான். பம்பையும் மெதுவா ஓட்டணும். பாறை வாயை மூடிக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

"சரி."

"நான் கீழ போய்க் கலக்க ஆரம்பிக்கறேன். நீங்க உக்காருங்க. முடிஞ்சிடுச்சுல்ல, கையை எடுங்க."

டிரில்லர் நெம்புகோலைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். விரல்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தன.

"எடுக்க வரலைடா மச்சான்" என்றார்.

குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. சேறு சார் பக்கத்தில் போய், கட்டை விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டான்.